8 மாதச் சம்பளத்தை நம்பி 20 வருஷ வீட்டுக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு மேலூர் பக்கம் கிராமம். வயது 28. கால்பந்தில் ஃபார்வர்டு. சென்னை சீனியர் டிவிஷனில் ஆரம்பித்து கேரளா, கோவா, கொல்கத்தா என்று 7 வருஷத்தில் 6 கிளப் மாறிவிட்டேன். தமிழ்நாட்டுக்காக ஒரு முறை சந்தோஷ் டிராபி ஆடியிருக்கிறேன். இந்த சீசன், நாட்டின் மேல்மட்ட லீக்கான ஐ.எஸ்.எல்.லுக்கு அடுத்த மட்டத்து லீக்கில் ஒரு கிளப்புடன் மாதம் 90,000 ரூபாய்க்கு 8 மாத ஒப்பந்தம். 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள். கையில் 6.5 லட்சம் சேமிப்பு இருக்கிறது. லாரி ஓட்டிய அப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை. அவர் பெயரில் 4 சென்ட் இடம் உண்டு. அதில் 1,400 சதுர அடி வீடு கட்ட 32 லட்சம் ஆகும் என்கிறார் மேஸ்திரி. சேமிப்பைப் போட்டு, 25 லட்சத்தை 20 வருஷக் கடனாக வாங்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். போன கிளப் 3 மாதச் சம்பளம் பாக்கி வைத்திருக்கிறது. என்ன செய்யலாம் அண்ணே?

பதில்: தம்பி, வீடு கட்டுங்கள். அப்பாவைச் சொந்த வீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். அந்த 25 லட்சம் கடன்தான் வேண்டாம்.

8.5 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு 25 லட்சம் வாங்கினால் மாதத் தவணை சுமார் 21,700 ரூபாய். 90,000 சம்பளக்காரருக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் உங்களுக்கு 34 வயது ஆகும்போது நிலவரம் என்ன? 6 வருஷத்தில் 15.6 லட்சம் கட்டி முடித்திருப்பீர்கள். அப்போதும் அசல் பாக்கி 21 லட்சத்துக்கு மேல் நிற்கும். முதல் சில வருஷங்களில் கட்டுகிற பணத்தில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். பூட்ஸைக் கழற்றி வைக்கிற வயதில் இன்னும் 14 வருஷத் தவணை பாக்கி இருக்கும்.

34 வயதுக்கு மேலும் ஆடுகிறவர்கள் உண்டு. இந்திய அணியின் முன்னாள் கேப்டன் சுனில் சேத்ரி 40 வயதில், 2024-25 ஐ.எஸ்.எல். சீசனில் 14 கோல் அடித்தார். அவரைப் பார்த்துச் சந்தோஷப்படலாம், அவர் கணக்கை வைத்து நாம் கடன் வாங்க முடியாது. அதிலும் நீங்கள் ஃபார்வர்டு. 2014-ல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்ததிலிருந்து 2024-25 வரை 11 சீசன்களில், அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் ஒரு முறைகூட இந்திய வீரருக்குப் போனதில்லை. கிளப்கள் வெளிநாட்டு வீரருக்கான இடத்தை முதலில் செலவழிப்பதே 9-ம் நம்பருக்குத்தான், அதாவது நடுவில் நின்று கோல் அடிக்கிற ஃபார்வர்டுக்குத்தான். அதனால் இந்திய ஃபார்வர்டு விங்குக்குத் தள்ளப்படுகிறார், இல்லாவிட்டால் பெஞ்சில் உட்காருகிறார். ஒரு சீசன் கோல் வறண்டுபோனால் அடுத்த ஒப்பந்தத்தில் சம்பளமும் சேர்ந்து குறைகிறது. இது உங்கள் திறமையைப் பற்றிய பேச்சே இல்லை. 7 வருஷமாக ஒவ்வொரு சீசனும் ஏதோ ஒரு கிளப் உங்களைத் தேடி எடுத்திருக்கிறது என்றால் அது சாதாரண விஷயமா?

கிளப்களுக்கும் ஆயுசு நிச்சயமில்லை. தேசிய லீக் சாம்பியன் பட்டம் வாங்கிய மஹிந்திரா யுனைடெட் 2010-லும், ஜே.சி.டி. 2011-லும் அணியைக் கலைத்தன. கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி 2018-19-ல் ஐ-லீக் கோப்பையை வென்றது, 2021-க்கு அப்புறம் அந்த லீக்கிலேயே இல்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்திவைத்தபோது சில கிளப்கள் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தின. மேல்மட்ட லீக்குக்கே அந்த கதி.

ஆகவே நீங்கள் வாங்கும் கடன், நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே முடிய வேண்டும். மேஸ்திரி சொன்ன அதே சதுர அடிக் கணக்கில் 550 சதுர அடி கட்ட ஏறக்குறைய 12.5 லட்சம் ஆகும். ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை, பாத்ரூம். அஸ்திவாரத்தை மட்டும் பிற்பாடு மாடி எடுக்கிற மாதிரிப் போடச் சொல்லுங்கள். அதற்குக் கொஞ்சம் கூட ஆகும், ஆனால் அதில் கஞ்சத்தனம் வேண்டாம். சேமிப்பிலிருந்து 2.5 லட்சம், வங்கிக் கடன் 10 லட்சம், 10 வருஷத்துக்கு. இடம் அப்பா பெயரில் இருப்பதால் அவரும் கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். தவணை சுமார் 12,400. ஒவ்வொரு சீசன் முடிவிலும் 1 லட்சம் கூடுதலாக அசலில் கட்டுங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இப்படிக் கட்டினால் 5 வருஷம் தாண்டியதும் கடன் ஏறக்குறைய முடிந்துவிடும். உங்களுக்கு அப்போது 33, 34 வயதுதான்.

கையில் 81,000 வருகிற மாதத்தில் 81,000-த்தையும் சம்பளமாக நினைக்காதீர்கள். 8 மாதத்தில் வருவது 6.48 லட்சம். அதைத் தனிக் கணக்கில் போட்டு, 12 மாதமும் 45,000 மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தவணைக்கு 12,400, வீட்டுக்கு 20,000, மீதி உங்களுக்கு. சீசனில் சாப்பாடும் தங்குமிடமும் கிளப் கொடுத்தால் இது தாராளமாகப் போதும். வருஷக் கடைசியில் 1.08 லட்சம் மிஞ்சும். அசலில் கட்டச் சொன்ன 1 லட்சம் அதுதான்.

டி.டி.எஸ். 72,000 தொலைந்துபோன பணம் இல்லை. புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி கிடையாது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் முழுவதும் திரும்ப வரும். தொழில் வருமானம் என்பதால் ஐ.டி.ஆர்.-1 ஒத்துவராது, ஐ.டி.ஆர்.-3 போட வேண்டும். பாதி வருமானத்தைச் செலவாகக் காட்டிக் கணக்கை முடிக்கும் சலுகை டாக்டர், வக்கீல் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்குத்தான். விளையாட்டு வீரர் அதில் வரமாட்டார். அப்படிப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். முந்தைய வருஷங்களுக்கு ரிட்டர்ன் போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்கும் முதல் காகிதம் அதுதான்.

சேமிப்பில் மீதி 4 லட்சத்தைத் தொடவே தொடாதீர்கள். அது முழங்காலுக்கான பணம். ஏ.சி.எல். என்கிற முழங்கால் லிகமென்ட் கிழிந்தால் மைதானத்துக்குத் திரும்பக் கிட்டத்தட்ட 9 மாதம் ஆகும், உங்கள் ஒப்பந்தமோ 8 மாதம். கிளப்பின் இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடும். சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'தொழில்முறை கால்பந்து வீரர்' என்றே எழுதுங்கள். ஆட்டத்தில் பட்ட அடிக்குப் பணம் தருவார்களா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தை எதற்கும் உதவாது. டேர்ம் இன்சூரன்ஸும் ஒன்று வேண்டும், கடன் வாங்கும் அன்றைக்கே.

லீவில் மலப்புறம் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடக் கூப்பிடுவார்கள். ஒரு ராத்திரி ஆட்டத்துக்குக் கையில் ரொக்கம். ஒப்பந்தத்தில் இருக்கும்போது அது கூடாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும், அங்கே அடிபட்டால் ஆபரேஷன் செலவு முழுக்க உங்கள் தலையில் என்பதை யோசித்துவிட்டுப் போங்கள்.

இப்போது அந்த 3 மாதப் பாக்கி. உங்கள் கடிதத்தில் என் மனதை அறுத்தது இதுதான். கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது 8 மாதச் சம்பளத்தில் 3 மாதம், தம்பி. 'கேட்டால் கெட்ட பேர் வரும், அடுத்த கிளப் எடுக்காது' என்று நிறைய பையன்கள் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கையெழுத்தான ஒப்பந்த நகல், சம்பளம் வந்த மாதங்களின் பேங்க் ஸ்டேட்மென்ட், மேனேஜருடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகள், மூன்றையும் எடுத்து வையுங்கள். எவ்வளவு பாக்கி, எந்தெந்த மாதத்துக்கு, எத்தனை நாளில் தர வேண்டும் என்று கிளப்புக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் பிளேயர்ஸ் ஸ்டேட்டஸ் கமிட்டியில் முறையிடுங்கள். வீரர்களுக்கென்று எஃப்.பி.ஏ.ஐ. சங்கமும் இருக்கிறது, அவர்களிடம் பேசுங்கள். நாளாக ஆக இந்த வழக்கு பலவீனமாகும்.

புது ஒப்பந்தத்தையும் ஒரு தடவை படியுங்கள். 2 மாதச் சம்பளம் வராமல் போனால், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பது ஃபிஃபா விதி. அந்த வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆட்டத்துக்கு அப்புறம் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டுக் கடனோடு சேர்ந்த கேள்விதான் அது. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது வரம்பு 25, அது தாண்டிவிட்டது. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அறிவிப்பு வரும்போது தகுதியைப் பார்த்து விண்ணப்பியுங்கள். கோச்சிங்கில் டி லைசென்ஸை லீவு மாதத்தில் முடித்துவிட்டால், சி லைசென்ஸுக்கு ஆடிக்கொண்டே போகலாம். பள்ளிகளும் அகாடமிகளும் லைசென்ஸ் உள்ள கோச்சைத்தான் முதலில் பார்க்கின்றன. சந்தோஷ் டிராபி ஆடியதற்கான சான்றிதழ் உங்கள் கையில் இருக்கிறதா? கிளப்பிலோ யாரோ ஒரு மேனேஜரிடமோ விட்டுவைத்திருந்தால் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மாநிலக் கால்பந்து சங்கத்துக்கு எழுதி நகல் கேளுங்கள்.