அமெரிக்க அறக்கட்டளைப் பணத்தை வேறு டிரஸ்ட் கணக்கு வழியாக வாங்கலாமா?

கேள்வி: ஜெபவீடும் மாலை டியூஷனும் நடத்தும் சிறிய டிரஸ்ட்டின் செயலாளர் நான். பதிவு செய்து இரண்டு வருடம் ஆகிறது, வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லை. அமெரிக்காவில் பழமைவாதக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் அறக்கட்டளையிடம் 20 லட்சம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். பணம் வேறொரு டிரஸ்ட்டின் கணக்குக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு வருமாம். ‘ஃபைல் செலவு’ 40,000 கேட்கிறார். கொடுக்கலாமா?

ஆடிட்டர் பதில்: கொடுக்காதீர்கள். 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடையை ஒரு டிரஸ்ட் இன்னொரு டிரஸ்ட்டுக்கு மாற்றிக் கொடுக்கவே கூடாது. எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 7-ம் பிரிவு அது. முன்பு இதற்கு வழி இருந்தது. புரோக்கர்கள் இன்னும் அந்தக் காலத்திலேயே வியாபாரம் செய்கிறார்கள். மாட்டினால் ஐந்து வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. அப்போது கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தான், அவர் அல்ல.

அந்த அறக்கட்டளைகள் பொய்யல்ல. டென்னசியின் சட்டனூகாவில் இன்ஷூரன்ஸ் பணத்தில் 1945-ல் உருவான மெக்லெல்லன், மிச்சிகனில் ஆம்வே நிறுவனத்தின் டிவோஸ் குடும்பத்தினருடையவை எல்லாம் நிஜம். நிஜமாக இருப்பதுதான் புரோக்கருக்கு முதலீடே. இவை வருடந்தோறும் 990-பிஎஃப் என்ற வருமான வரிப் படிவம் தாக்கல் செய்கின்றன. புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அறங்காவலர் பெயர், விலாசம், யாருக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து ஒரு லெட்டர்ஹெட் அடிக்க அரை மணி நேரம் போதும். என்னிடம் ஒருவர் கொண்டுவந்த கடிதத்தில் அறக்கட்டளைத் தலைவரின் மின்னஞ்சல் ஜிமெயிலில் இருந்தது!

அதே படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு: ‘முன்பே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டுமே கொடுப்போம், கேட்காமல் வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை’. பல குடும்ப அறக்கட்டளைகள் அதில் டிக் போட்டிருக்கும். அதை மட்டும் புரோக்கர் காட்டமாட்டார்.

“வருடத்துக்கு 5 சதவீதம் செலவழிக்காவிட்டால் அபராதம், அதனால் ஆள் தேடி அலைகிறார்கள்” என்றும் சொல்வார். பாதி உண்மை. முதலீட்டுச் சொத்தில் சுமார் 5 சதவீதம் கொடுத்தாக வேண்டும், தவறினால் வரியும் உண்டு. ஆனால் அடுத்த வருடக் கடைசி வரை அவகாசம் இருக்கிறது, தங்கள் ஊர்க் கிறிஸ்தவப் பள்ளிக்கே கொடுத்தும் கணக்கை முடிக்கலாம். வெளிநாட்டு டிரஸ்ட் என்றால் அவர்களுக்கும் கூடுதல் ஆவண வேலை.

சரி, நேர்வழி? டிரஸ்ட் தொடங்கி மூன்று வருடமும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவும் காட்ட முடியாததால் முழு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உங்களுக்குக் கிடைக்காது. குறிப்பிட்ட தொகைக்கு நன்கொடையாளரே தரும் உறுதிக் கடிதத்தோடு, உள்துறை அமைச்சகத்திடம் முன் அனுமதி கேட்கலாம். 20 லட்சம் என்றாலும் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக்குத்தான் வரவேண்டும். (டெல்லிக்குப் போகவேண்டாம், உள்ளூர் கிளையிலேயே கணக்குத் தொடங்க விண்ணப்பம் கொடுக்கலாம்.) திருடனுக்குப் போட்ட முள்வேலியில் கிழிவது உங்களைப் போன்றவர்களின் வேட்டிதான். என்ன செய்ய?

அப்புறம், பலர் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று. சபையார் மகன் டாலஸில் இருக்கிறார், சம்பளத்திலிருந்து அனுப்புகிறார் என்றால், அவரிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை அது வெளிநாட்டு நன்கொடையே அல்ல. கிரீன் கார்டு இருந்தாலும் அப்படித்தான். வங்கி வழியாக, சொந்தச் சேமிப்பிலிருந்து வரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால் கதையே வேறு, இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை காப்பாற்றாது. அங்குள்ள சபையில் வசூலித்துத் தன் பெயரில் அனுப்பினாலும் வெளிநாட்டுப் பணம்தான். போன வருடம் இந்தியராக இருந்தவர் இந்த வருடம் அமெரிக்கராக இருக்கலாம். அதனால் ஒவ்வொரு முறையும் பாஸ்போர்ட் நகல் வாங்கி, ரசீதோடு சேர்த்து ஃபைலில் குத்தி வையுங்கள்.