மருந்து அடித்தும் மாவுப்பூச்சி ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: வீட்டுக்குள் வளர்க்கும் குரோட்டன்ஸ் செடியில், இலைக் காம்பு தண்டோடு சேரும் இடங்களில் பஞ்சு பஞ்சாக வெள்ளையாகப் படிகிறது. இரண்டு தடவை வேப்பெண்ணெய் அடித்தேன். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, மறுபடி வந்துவிட்டது. செடி வாங்கிய நர்சரியில் ஒரு சின்ன பாட்டிலில் மருந்து ஊற்றிக் கொடுத்து, ஒரே தெளிப்பில் போய்விடும் என்கிறார்கள். அடிக்கலாமா? பக்கத்தில் இருக்கும் ஜேட் செடியிலும் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன.

பதில்: முதலில் அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள். லேபிள் இல்லாத பாட்டிலில் என்ன இருக்கிறது என்று ஊற்றிக் கொடுத்தவருக்கே பல நேரம் தெரியாது. பெரும்பாலும் வயலுக்கு அடிக்கிற மருந்தாகத்தான் இருக்கும். திறந்த வெளியில் ஏக்கர் கணக்குக்கு அளவு சொல்லி விற்பதை, ஜன்னல் சாத்திய அறையில், குழந்தையும் பூனையும் நடமாடும் இடத்தில் "ஒரு மூடி" கணக்கில் அடிக்கச் சொல்கிறார்கள். மாவுப்பூச்சிக்கும் அதே பாட்டில், சிலந்திப்பேனுக்கும் அதே பாட்டில். சிலந்திப்பேன் எட்டுக்கால் இனம், பூச்சியே அல்ல. பல பூச்சிமருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. மருந்தைப் பிரித்து வேறு பாட்டிலில் ஊற்றி விற்கக் கூடாது என்று விதி போட்டாயிற்று, கடைக்கு வந்து பார்க்கத்தான் ஆளில்லை. முறையாக விற்கிற டப்பாவிலோ எச்சரிக்கையை எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருப்பார்கள். யார் படிப்பது? பாட்டிலைச் சாக்கடையில் கொட்டாமல் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் வேப்பெண்ணெயில் தப்பில்லை, இரண்டு தடவையோடு நிறுத்தியதுதான் காரணம். அந்தப் பஞ்சு வெறும் பஞ்சு அல்ல, முட்டைப் பை. ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தெளிப்பு உள்ளே இறங்காது. ஓரிரு வாரத்தில் முட்டை பொரிந்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குஞ்சுகள் ஊர்ந்து பரவும். மெழுகு பிடிக்காத அந்தப் பருவத்தில்தான் மருந்து நன்றாக வேலை செய்யும்.

ஆகவே செடியை இன்றே மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, தெரிகிற பூச்சியை ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். அடுப்பு, விளக்கு பக்கம் வேண்டாம், தீப்பற்றும். இலையின் அடிப்பக்கம், நடுநரம்பு ஓரம், தொட்டியின் விளிம்புக்கு அடியில்கூடப் பாருங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்கச் சில சொட்டு திரவ சோப்பு. ஓர் இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பார்த்து, கருகவில்லை என்றால் செடி முழுக்க, சொட்டச் சொட்ட நனையும்படி, வெயில் படாத நேரத்தில் அடியுங்கள். ஏழு நாளுக்கு ஒரு தடவை, குறைந்தது நான்கு தடவை. இரண்டாம் வாரமே செடி சுத்தமாகத் தெரியும். எல்லோரும் கைவிடுவது அங்கேதான். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், அடுத்த வாரத்துக்கு எடுத்து வைத்தால் வீரியம் போய்விடும்.

ஜேட் செடிக்கு இதெல்லாம் செய்யாதீர்கள். அதன் இலை விளிம்பில் வரிசையாகத் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் பூச்சியே அல்ல. இலையில் உள்ள நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து காய்ந்ததும் தங்கிவிடுகிற உப்பு அது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: உப்பு என்றால் பொடியாக உதிரும், நசுங்காது. மாவுப்பூச்சி என்றால் நூல் மாதிரி இழுபட்டு, நசுங்கி, மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ கறை விடும். உப்பை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பூச்சியே வந்திருந்தாலும் சோப்புக் கரைசல் ஜேடுக்கு ஆகாது, இலை வடுப்பட்டு உதிரும். பஞ்சுக்குச்சியால் பூச்சியை மட்டும் தொட்டு எடுங்கள், இலை முழுக்க ஆல்கஹால் தடவ வேண்டாம். இலை மேல் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும் மற்ற சதைப்பற்றுச் செடிகளுக்கும் இதுவே. அந்தச் சாம்பல் செடியின் சொந்தப் பாதுகாப்பு. பூச்சி என்று நினைத்துத் தேய்த்தெடுத்தால் அந்த இலையில் அது திரும்ப வராது.

நான்கு வாரம் முடிந்தும் வந்தால் செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். வேரில் வெள்ளைத் திட்டு இருந்தால் இலைக்கு அடித்துப் பயனில்லை. மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, புது மண்ணில், சோப்பு போட்டுக் கழுவிய தொட்டியில் நடுங்கள். பழைய மண்ணை வேறு செடிக்குப் போடாமல் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள்.