மக்கும் என்று சொல்லி விற்கிறவர்கள்

கேள்வி: குப்பையை உரமாக்கும் மின்சார எந்திரம் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். காய்கறிக் கழிவு ஆறு மணி நேரத்தில் பொடியாகிவிடுகிறது. ஆனால் அந்தப் பொடியைத் தொட்டியில் இட்டுத் தண்ணீர் ஊற்றினால், இரண்டே நாளில் பூஞ்சை படர்ந்து நாறுகிறது. (மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: ஆறு மணி நேரத்தில் எதுவும் மக்காது. உங்கள் எந்திரம் கழிவை வற்றலாக்கி அரைத்துத் தருகிறது. ஈரம் பட்டதும் அது விட்ட இடத்திலிருந்து அழுகத் தொடங்குகிறது. பொடியை மண்ணோடு கலந்து, ஈரம் காயாமல் சில வாரங்கள் வைத்திருந்து, வாடை போனபின் செடிக்கு இடுங்கள். விளம்பரத்தில் ‘உரம்’ என்றே எழுதியிருந்தால் தவறு உங்களுடையதன்று. பில்லையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்தி, விற்றவருக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை.

கேள்வி: உடைந்த டியூப்லைட்டை உரக்குழியில் போடலாமா? (முத்தியால்பேட்டை)

பதில்: கூடாது. அதில் பாதரசம் இருக்கிறது. மூடியுள்ள டப்பாவில் தனியே வைத்து, என்னவென்று சொல்லியே குப்பை வாங்க வருபவரிடம் கொடுங்கள்.

கேள்வி: ‘மக்கும் பை’ என்று அச்சிட்ட குப்பைப் பைகளை நம்பி வாங்கலாமா? (லாஸ்பேட்டை)

பதில்: நானும் நம்பி இரண்டு பாக்கெட் வாங்கியவன்தான். ஒரு பையை வாழைப்பழத் தோலோடு முருங்கை மரத்தடிக் குழியில் புதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் பெய்து ஓய்ந்த பிறகு தை மாதத்தில் தோண்டிப் பார்த்தபோது, தோல் சுவடே தெரியாமல் போயிருக்க, பை மட்டும் தன்மேல் அச்சிட்ட பச்சை இலைப் படம்கூட மங்காமல், துவைத்துக் காயப்போட்டதுபோல் வந்தது. உண்மையான மக்கும் பைக்கு ஐஎஸ் 17088 என்ற தர எண் உண்டு. ஆனால் அந்தச் சோதனையே ஏறத்தாழ 58 டிகிரி வெப்பத்தில், பெரிய உர ஆலையின் நிலையில் நடப்பது. வீட்டுக் குழி அந்தச் சூட்டை நாள்கணக்கில் தாங்கி நிற்பது அரிது. ‘பயோடிகிரேடபிள்’ என்ற சொல்லை மட்டும் போட்டு, தர எண்ணும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண்ணும் இல்லாமல் விற்கப்படும் பையோ இன்னும் மோசம்: பல நேரங்களில் அது துணுக்குகளாக உதிர்ந்து, பிளாஸ்டிக்காகவே மண்ணில் தங்கிவிடும். நாம் குப்பைத் தொட்டியின் அடியில் பழைய செய்தித்தாள் விரித்தவர்கள். அதற்குப் போய் நான் காசு கொடுத்தேன்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் பார்த்து, சித்திரை மாதத்தில் இரண்டு கிலோ மண்புழு வரவழைத்தேன். எல்லாம் செத்து வந்தன. பில் இல்லை. (நெல்லிக்குப்பம்)

பதில்: பில்லும் இல்லை, விற்றவர் முகவரியும் இல்லை, அக்னி வெயிலில் பார்சல் வேறு. யார்மேல் புகார் கொடுப்பீர்கள்?

கேள்வி: பலாப்பழத் தோலையும் சக்கையையும் குழியில் போட்டால் ஈ மொய்க்கிறது. முந்திரித் தோட்டையும் சேர்க்கலாமா? (பண்ருட்டி)

பதில்: பலாத் தோலை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒரு கூடைக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு போட்டு மூடினால் ஈ வராது. முந்திரித் தோடு வேண்டாம். கையைப் பொத்துப்போகச் செய்யும் அதன் எண்ணெயைப் பற்றிப் பண்ருட்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.