வெப்ப அலைக்கு ‘முன்கூட்டிய நடவடிக்கை’ என்றால் என்ன? வேலூரில் அது யாருக்குத் தேவை?

வானிலை எச்சரிக்கை வந்தவுடனே, பாதிப்பு தொடங்குவதற்குள், முன்னரே வகுத்த திட்டப்படி செயல்படுவதுதான் முன்கூட்டிய நடவடிக்கை. சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால் அது வெப்ப அலை. வேலூரில் கத்திரி தொடங்கும் முன்பே 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல.

அவசரத்துக்குக் காரணம் நம் உடலில் இருக்கிறது. உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போய் நினைவு தடுமாறினால், சில மணி நேரத்திலேயே உறுப்புகள் செயலிழக்கக்கூடும். பால் பொங்கி வழிந்தபின் அடுப்பைத் துடைப்பதைவிட, நுரை எழும்போதே தீயைக் குறைப்பது எளிதல்லவா? எனவே எச்சரிக்கை வந்த அன்றே செங்கல் சூளைகளின் வேலை நேரத்தை விடியற்காலைக்கு மாற்றுவதும், தகரக் கூரையின் கீழ் பீடி சுற்றும் பெண்களுக்கும் தனித்து வாழும் முதியோருக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலை வீடு தேடிச் சென்று கொடுப்பதும், என் பார்வையில், மோர்ப் பந்தலைவிடப் பயன் தருபவை. பந்தல் வரை நடக்க இயலாதவர்களுக்கே ஆபத்து அதிகம். 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததால், இதற்குப் பேரிடர் நிதியைப் பயன்படுத்தவும் வழியுண்டு.

‘வேலூர்க்காரர்களுக்கு வெயில் பழகிவிட்டது’ என்பது பாதி உண்மையே: பழக்கத்துக்கும் எல்லை உண்டு, முதியோருக்கும் நாள்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்கும் வியர்க்கும் திறனே குறைந்திருக்கக்கூடும்.