கானாடுகாத்தான் முள் பனை: இரண்டும் ஒரே சாதி இல்லை

வணக்கம் அண்ணே. ஒரே பேர் சொல்லிக் கொடுத்த இரண்டு தென் அமெரிக்க முள் பனைக் கன்றுகளில் ஒன்றுக்கு மட்டும் இலை நுனி கடித்துப்போட்டது மாதிரி இருக்கிறது, மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். அது பூச்சி வேலையே இல்லை. அந்தக் கன்று ஐஃபானெஸ் என்கிற முள் பனைச் சாதியாக இருக்கும்; அதன் சிற்றிலை அடியில் குறுகி, நுனியில் விரிந்து, பிய்த்தெடுத்தது போலத்தான் இருக்கும். நம்ம கூந்தற்பனை இலையை நினைத்துக்கொள்ளுங்கள், அதே சாயல்.

மற்றதற்கு நுனி கூராக இருக்கிறது என்கிறீர்கள். முள்ளை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. இந்த முள் பனைக் கூட்டத்தில் பலவற்றுக்கும் கறுப்பு முள்தான். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு இலையைத் திருப்பிப் பாருங்கள் (எனக்கு ஒருமுறை முள் முனை விரலுக்குள்ளேயே ஒடிந்து பட்ட பாடு போதும்). அடிப்பக்கம் வெள்ளி பூசியது போலப் பளிச்சென்று இருந்தால் பெரும்பாலும் அஸ்ட்ரோகாரியம் என்கிற சாதி. அப்படி இல்லாமல், தூரில் பக்கக்கன்று வெடித்தால் பீச் பனை எனும் பாக்ட்ரிஸ். ஒற்றைத் தண்டாகவே நின்று, சிற்றிலைகள் நாலா பக்கமும் சிலும்பினால் அக்ரோகோமியா என்கிற சாதியாக இருக்கலாம்.

அக்ரோகோமியா என்றால் வேர் பிடித்தபின் நம்ம செம்மண்ணையும் வெயிலையும் தாங்கும். பாக்ட்ரிஸ் மழைக்காட்டு ஈரத்தில் வளர்வது. கோடையில் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். தூரையும் இலையின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.