சனிக்கிழமை காலை கால்பந்து: ரெக் லீக் பற்றி நீங்கள் கேட்டவை

என் மகள் ஐந்து வயதில் ரெக் லீக்கில், அதாவது பிள்ளைகள் பொழுதுபோக்காக ஆடும் உள்ளூர்க் கால்பந்து லீக்கில், சேர்ந்தாள். இப்போது அவளுக்குப் பதினான்கு. இந்த ஒன்பது வருடத்தில் கோச், ரெஃப் (நடுவர்), பதிவுப் பொறுப்பு, வலை கட்டும் வேலை என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டேன். நாங்கள் இருப்பது கலிபோர்னியாவின் பே ஏரியா. இங்கே புதிதாகச் சேரப்போகும் தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

மகனுக்கு ஐந்து வயது. ரெக் என்கிறார்கள், கிளப் என்கிறார்கள். எதில் போடுவது? (பிளசன்டன்)

ரெக். யோசிக்கவே வேண்டாம்.

ரெக் லீக்கில் தேர்வு கிடையாது. பெயர் கொடுத்த பிள்ளைகளைத் திறமை பார்த்துக் கலந்து, அணிகள் ஏறக்குறைய சமமாக இருக்கும்படி பிரிப்பார்கள். இந்த வகையில் பழைய, பெரிய அமைப்பு ஏஒய்எஸ்ஓ (அமெரிக்கன் யூத் சாக்கர் ஆர்கனைசேஷன்). 1964-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் டாரன்ஸில் ஒன்பது அணிகளோடு தொடங்கியது. ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டமாவது ஆட வேண்டும் என்பது அவர்களுடைய முதல் விதி. நகராட்சிகளும் ஒய்எம்சிஏ போன்றவையும் நடத்தும் லீக்குகளும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

கிளப்பில் டிரை-அவுட் உண்டு, கோச்சுக்குச் சம்பளம் உண்டு. வருடம் முழுக்க ஆட்டம், வார இறுதியில் வேறு ஊருக்குப் பயணம். ரெக்கில் ஒரு சீசனுக்குச் சில நூறு டாலர் ஆகும் என்றால் கிளப்பில் வருடத்துக்கு ஆயிரங்களில் போகும். ஐந்து வயதுப் பையன் பந்தை விட்டுவிட்டு வண்ணத்துப்பூச்சியின் பின்னால் ஓடுவான். அதற்கு அவ்வளவு பணம் எதற்கு?

ஜூலையில் பதியப் போனால் வெயிட் லிஸ்ட் என்கிறார்கள். பணம் கட்டத் தயார் என்றாலும் இடமில்லையாம். மைதானம் போதவில்லையா? (சன்னிவேல்)

மைதானம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் கோச் கிடைக்காதது.

இலையுதிர் காலத்துச் சீசனுக்கான பதிவு வசந்த காலத்திலேயே திறந்துவிடும். கோடை நடுவில் அணி பிரிப்பார்கள், ஆகஸ்டில் பிராக்டிஸ் தொடங்கும், செப்டம்பர் முதல் நவம்பர் நடுவரை சனிக்கிழமைதோறும் ஆட்டம். அணி பிரிக்கிற அன்று என்ன நடக்கும் என்றால், பத்து வயதுப் பிரிவில் எழுபது பெயர் இருக்கும், கோச் ஆறு பேர்தான் இருப்பார்கள். ஆறு அணிக்கு மேல் போட முடியாது. மிச்சப் பிள்ளைகள் பட்டியலில் காத்திருக்க வேண்டியதுதான்.

நான் பதிவைப் பார்த்துக்கொண்ட வருடம் ஒரு அப்பா கோபமாகப் பேசினார். 'நான் கஸ்டமர், என்ன சர்வீஸ் இது' என்றார். அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்: இங்கே கஸ்டமர் என்று யாரும் இல்லை. நீங்கள் கட்டும் பணம் சீருடைக்கும் மைதான வாடகைக்கும் காப்பீட்டுக்கும் போகிறது. கோச், ரெஃப், அட்டவணை போடுகிறவர், காலை ஏழு மணிக்கு ஈரப் புல்லில் கோடு போடுகிறவர், எல்லாரும் உங்களைப் போல வேலைக்குப் போகிற பெற்றோர்தான். சம்பளமில்லை. அவர் இரண்டு நாள் கழித்து உதவி கோச்சாகப் பெயர் கொடுத்தார். அவர் தைரியத்தில், தயங்கிக்கொண்டிருந்த இன்னொருவர் கோச் ஆனார். ஏழாவது அணி உருவானது. பட்டியலில் இருந்த பத்துப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்தது.

எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும். நான் எப்படிக் கோச் ஆவது? (ஃப்ரீமாண்ட்)

சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டம் தெரிந்தவரைவிடப் பொறுமை உள்ளவர்தான் தேவை. கோச்சாகப் பெயர் கொடுத்தால் உங்கள் பின்னணியைச் சரிபார்ப்பார்கள். பிள்ளைகளைத் துன்புறுத்தலிலிருந்து காப்பதற்கான சேஃப்ஸ்போர்ட் பயிற்சி, தலைக்காயம் பற்றிய பயிற்சி, வயதுக்கேற்ற கோச் வகுப்பு ஆகியவற்றை முடிக்க வேண்டும். பெரும்பாலும் எல்லாம் ஆன்லைனில்தான். இரண்டு மூன்று மாலைகளில் முடிந்துவிடும்.

ஆறு வயதுக் குழுவின் முதல் பிராக்டிஸில் நான் செய்த தவறு, வரிசையில் நிற்க வைத்தது. நாலாவதாக நின்றவன் புல்லைப் பிடுங்கத் தொடங்கினான், ஐந்தாவது ஆள் ஆறாவது ஆளைத் தள்ளினாள். அப்புறம் கற்றுக்கொண்டேன். ஆளுக்கொரு பந்து கொடுங்கள். நீங்கள்தான் பூதம், அவர்கள் பந்தை உருட்டிக்கொண்டு உங்களிடம் சிக்காமல் தப்பிக்க வேண்டும். நாற்பது நிமிடம் போவதே தெரியாது. இரட்டை முடிச்சில் ஷூ லேஸ் கட்டத் தெரிந்தால் பாதி கோச் ஆகிவிட்டீர்கள்.

மகள் அக்டோபரில் பிறந்தவள். வகுப்புத் தோழிகள் ஓர் அணி, இவள் மட்டும் பெரிய பிள்ளைகளோடு. மாற்ற முடியாதா? (கூப்பர்டினோ)

உங்களுக்கு நல்ல சேதி. 2017-லிருந்து இங்கே பிறந்த வருடத்தை வைத்துத்தான் பிரித்தார்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு கணக்கு. கலிபோர்னியாவில் பள்ளிச் சேர்க்கைக்கோ செப்டம்பர் 1 கணக்கு. அதனால் கடைசி நாலு மாதத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் மேல் வகுப்புப் பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டார்கள். 2026-27 சீசனிலிருந்து ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்று மாற்றியிருக்கிறார்கள். உங்கள் மகள் தோழிகளோடு சேர்ந்துவிடுவாள். இனி இடிக்கப்போவது ஆகஸ்டில் பிறந்தவர்களுக்கு மட்டும்: பள்ளியில் வகுப்பிலேயே சின்னவர்களாக இருப்பார்கள், கால்பந்தில் ஒரு வகுப்புக் கீழே உள்ளவர்களோடு ஆடுவார்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்? (சான் ரமோன்)

ஷின் கார்ட் (முழங்காலுக்குக் கீழே முன்காலைக் காக்கும் தகடு), கிளீட்ஸ் (அடியில் முள் வைத்த ஷூ), பந்து, தண்ணீர் பாட்டில். சீருடை லீக் கொடுத்துவிடும். ஷின் கார்ட் சாக்ஸுக்கு உள்ளே இருக்க வேண்டும். பேஸ்பால் கிளீட்ஸில் முன்நுனியில் ஒரு முள் இருக்கும், அதை ரெஃப் அனுமதிக்க மாட்டார். எட்டு வயதுவரை 3-ஆம் எண் பந்து, பன்னிரண்டு வரை 4, அதற்கு மேல் 5. கிளீட்ஸ் ஒரு சீசனுக்கு மேல் காலுக்குப் பொருந்தாது, ஆகவே பழசு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை: தோடு போட்டுக்கொண்டு ஆட முடியாது. பிளாஸ்திரி ஒட்டினாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காது குத்துவதாக இருந்தால் சீசன் முடிந்த நவம்பர் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கயிறு, வளையல் எல்லாம் காரிலேயே கழற்றி வையுங்கள். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் கழற்றச் சொன்னால் அழுகைதான்.

கோலி (கோல்கீப்பர்) இல்லை, ஆஃப்சைடு (எதிரணி ஆட்களைத் தாண்டி முன்னால் போய் நிற்கக்கூடாது என்ற விதி) இல்லை, ஸ்கோரும் எழுதுவதில்லை. இதெல்லாம் ஒரு ஆட்டமா என்கிறார் என் கணவர். (மில்பிட்டாஸ்)

அவரை ஒரு சனிக்கிழமை வரச் சொல்லுங்கள். எட்டு வயதுவரை நாலுக்கு நாலு, அதாவது அணிக்கு நாலு பேர். ஆள் குறைந்தால் ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் பந்து அடிக்கடி படும், அதற்காகத்தான். ஒன்பது, பத்து வயதில் ஏழுக்கு ஏழு. கோலி வருவார், பாதிக்கு 25 நிமிடம். பதினொன்று, பன்னிரண்டில் ஒன்பதுக்கு ஒன்பது. பதிமூன்றிலிருந்துதான் பதினொரு பேர்.

ஏழுக்கு ஏழில் ஒரு வேடிக்கையான கோடு இருக்கும். கோலி கையில் பந்து வந்ததும் எதிரணி அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கோலி பந்தைக் கையிலிருந்து உயர உதைக்கவும் கூடாது, தன் அணி ஆளுக்கு உருட்டியோ எறிந்தோ கொடுக்க வேண்டும். ஓங்கி அடித்துவிட்டு ஓடுகிற பழக்கம் போய், பந்தைக் கடத்துகிற பழக்கம் வரட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. பத்து வயதுவரை தலையால் முட்டவும் கூடாது. வேண்டுமென்றே முட்டினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக்.

ஸ்கோர் எழுதுவதில்லை என்பது பெரியவர்களுக்காகத்தான். கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு பிள்ளையும் சரியாகச் சொல்லும்.

என் மகனை அதிகம் உட்கார வைக்கிறார்கள். கோச்சிடம் எப்படிக் கேட்பது? (டப்ளின்)

முதலில் விதி. பாதி ஆட்டம் என்பது குறைந்த அளவு. ஆட்டத்தை நாலு பகுதியாகப் பிரித்து ஆள் மாற்றுகிற லீக்குகளில் பலவும் இன்னொன்றையும் வைத்திருக்கின்றன: எல்லாரும் மூன்று பகுதி ஆடி முடிக்காமல் யாரும் நாலு பகுதியும் ஆடக்கூடாது. உங்கள் லீக்கில் உண்டா என்று பாருங்கள்.

கோச் வேண்டுமென்று செய்கிறார் என்று உடனே நினைக்காதீர்கள். நானே மாட்டியிருக்கிறேன். கையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் பெயர்கள், பென்சில். நடுவில் ஒருத்திக்குக் காலில் அடிபட்டு வெளியே வந்தாள், என் கணக்கு குழம்பிவிட்டது. ஆட்டம் முடிந்து கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்த ஒரு பாட்டி, புடவைக்கு மேல் ஸ்வெட்டரும் குல்லாவுமாக மெல்ல நடந்து வந்தார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. எம் பேத்தி ரெண்டு தடவ உக்காந்துட்டா. அந்த மஞ்ச ரிப்பன் கட்டுன புள்ள ஒரு தடவகூட உக்காரல" என்றார். சீட்டைப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அந்த மஞ்சள் ரிப்பன் என் மகள்.

அடுத்த வாரம் அவள் இரண்டு பகுதி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து சீட்டை முந்தின இரவே எழுதி வைத்துவிடுகிறேன்.

ஆக, கேளுங்கள். ஆனால் அந்தப் பாட்டியைப் போல ஆட்டம் முடிந்த பிறகு, தனியாக, கணக்கோடு கேளுங்கள். இன்னும் நல்லது மறுநாள் கேட்பது.

ஓரத்தில் நின்று 'அடி, அடி' என்று கத்தக்கூடாதாமே? உற்சாகப்படுத்துவதுகூடத் தப்பா? (சாண்டா கிளாரா)

கைதட்டுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டு நன்றாக ஆடினாய் என்று சொல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். போன சீசனில் பார்த்தேன்: ஏழு வயதுப் பையன், காலில் பந்து, எதிரே யாரும் இல்லை. அப்பா ஓரத்திலிருந்து 'வலது பக்கம், வலது பக்கம்' என்று கத்தினார். பையன் பந்தின் மேல் காலை வைத்து நிறுத்தினான், திரும்பி, 'என்னப்பா?' என்றான். அதற்குள் பந்து போய்விட்டது.

ரெஃப்பைத் திட்டுவது இன்னும் மோசம். கொடியோடு நிற்பவர் பெரும்பாலும் உங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருப்பார். ஒரு சீசன் திட்டு வாங்கினால் அடுத்த சீசன் வர மாட்டார். ரெஃப் இல்லை என்றால் ஆட்டமும் இல்லை.

அணிக்கு ஸ்நாக் கொண்டுபோகும் முறை எங்களுக்கு வந்திருக்கிறது. என்ன கொண்டுபோக? (ஃபாஸ்டர் சிட்டி)

இடைவேளைக்கு வெட்டிய ஆரஞ்சு, முடிந்த பிறகு சின்னதாக ஏதாவது ஒன்று. வேர்க்கடலை, முந்திரி வேண்டாம். யாருக்காவது ஒவ்வாமை இருக்கும், டீம் பேரண்டிடம் (அணிக்கான வேலைகளை ஒருங்கிணைக்கும் பெற்றோர்) முன்னமே கேளுங்கள். ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், சைவ வீடுகள் கவனிக்க வேண்டும். ஒருமுறை பொடி தடவிய மினி இட்லி வந்தது. டப்பா காலி.

தலையில் அடிபட்டது. பையன் நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறான், கோச் திரும்ப ஆட விடவில்லை. (சான் ஹோசே)

கோச் செய்தது சரி. அவர் விரும்பினாலும் விட முடியாது. கலிபோர்னியா சட்டப்படி கன்கஷன் (அடிபட்டு மூளை அதிர்வது) சந்தேகம் வந்தாலே அன்று முழுக்க ஆடக்கூடாது, மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் திரும்ப வரலாம். கன்கஷன் என்று உறுதியானால் படிப்படியாக, குறைந்தது ஏழு நாள் எடுத்துத்தான் திரும்ப வேண்டும். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், வழக்கத்துக்கு மாறான எரிச்சல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். வாந்தி நிற்காமல் வந்தாலோ, எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை என்றாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

மழை, புகை என்றால்? (ஓக்லண்ட்)

தூறலில் ஆடுவார்கள். இடி கேட்டால் எல்லாரும் காருக்குப் போய்விட வேண்டும், கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் காட்டுத்தீப் புகை வந்தால் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். 150-ஐத் தாண்டினால் இங்கே பெரும்பாலும் ரத்துதான்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியும் இருக்கிறது. நேரம் மாற்றித் தருவார்களா? (ஃப்ரீமாண்ட்)

தர மாட்டார்கள். மைதானம் காலை எட்டு முதல் மாலை வரை மணிவாரியாகப் பங்கு போட்டது. ஆனால் பதியும்போதே எழுதிவிடுங்கள், கோச்சிடமும் தேதிகளைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வராமல் போவதுதான் தொல்லை. ஏழு பேர் வேண்டிய இடத்தில் ஆறு பேரோடு நிற்க வேண்டியிருக்கும். நீங்களே கோச் ஆனால் பிராக்டிஸ் நாளையாவது நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். (மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன், தெரிகிறது.)

மகனுக்கு ஆட்டிசம். சேர்க்க முடியுமா? (லிவர்மோர்)

முடியும். சிலர் வழக்கமான அணியிலேயே, கோச்சிடம் முன்கூட்டிப் பேசிவிட்டு, நன்றாக ஆடுகிறார்கள். தனிப் பிரிவுகளும் உண்டு. யுஎஸ் யூத் சாக்கர் என்ற இன்னொரு அமைப்பு நடத்துவதன் பெயர் டாப்சாக்கர், ஏஒய்எஸ்ஓவில் எபிக். ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு துணை ஆள் கூடவே ஓடுவார். பெரும்பாலும் பெரிய அணிகளில் ஆடும் பிள்ளைகள்தான். என் மகள் இந்த வருடம் அப்படிப் போகிறாள். விசில் சத்தம் பிடிக்காத ஒரு பையனுக்காக அங்கே ரெஃப் கையைத் தூக்கிக் காட்டுகிறார்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். ஆட்டத்துக்குக் கூட்டி வரலாமா? (டப்ளின்)

தாராளமாக. மடக்கு நாற்காலி, குடை, பிளாஸ்கில் காபி எடுத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரை ஆட்டத்தில் குளிரும், பதினோரு மணிக்கு வெயில் அடிக்கும், நிழல் கிடையாது. பள்ளி மைதானம் என்றால் கழிப்பறை பூட்டியிருக்கலாம், கிளம்பும் முன் கோச்சிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோர் உட்காரும் பக்கம் எது என்றும் பாருங்கள், பல மைதானங்களில் அது கோச் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். உங்கள் அம்மா கணக்கில் கெட்டி என்றால் கையில் ஒரு பென்சிலும் சீட்டும் கொடுத்துவிடுங்கள், கோச்சுக்கு உதவும்.