ஹரெல் எடுத்த படங்கள்: சீட்டில் வந்த கேள்விகள்

போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் நண்பர்கள் கூடியபோது, அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜார்ஜ் ஹரெல் எடுத்த பழைய ஹாலிவுட் நடிகர் நடிகைகளின் படங்களைப் போட்டுக் காட்டினேன். பேச நேரம் போதவில்லை. கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முப்பது வருஷம் நெகட்டிவ் டச்சிங் (நெகட்டிவில் பென்சிலால் முகத்தின் குறைகளை மறைக்கும் வேலை) செய்தவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

ஓவியராக வர நினைச்சவர்னு சொன்னீங்களே, கேமரா பக்கம் எப்படி வந்தார்? (தேவகோட்டை)

வயிற்றுப்பாட்டுக்குத்தான். 1904இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். சிகாகோவில் ஓவியம் படித்துவிட்டு, 1925இல் கலிபோர்னியாவின் லகுனா பீச்சுக்குப் போனார். அங்கே ஓவியர்கள் கூட்டம் அதிகம், படம் வாங்க ஆள் குறைவு. பாஞ்சோ பார்ன்ஸ் என்ற பெண் விமானி அவருக்குச் சிநேகிதம். அவர் மூலம் நடிகர் ரமோன் நவாரோ வந்தார், நவாரோவின் படங்களைப் பார்த்து நடிகை நார்மா ஷியரர் வந்தார். ஷியரரின் கணவர் தால்பெர்க் எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் ஸ்டூடியோவில் பெரிய தயாரிப்பாளர். துணிச்சலான ஒரு வேஷத்துக்குத் தன் மனைவி சரிப்பட மாட்டார் என்று நினைத்திருந்தார். ஹரெல் எடுத்துக் கொடுத்த படங்களைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. அந்த வேஷத்தில் ஷியரர் நடித்த ‘தி டிவோர்சி’ 1930இல் வந்தது, ஷியரருக்கு ஆஸ்கர் கிடைத்தது, ஹரெலுக்கு எம்ஜிஎம்மில் வேலை கிடைத்தது. வீட்டுக்காரரை வழிக்குக் கொண்டுவர இப்படியும் ஒரு வழி!

முகமெல்லாம் பளிங்கு மாதிரி இருக்கே, அவ்வளவு மேக்கப்பா? (கண்டனூர்)

நேர் எதிர், ஆச்சி. கண்ணுக்கும் உதட்டுக்கும் தவிர மேக்கப் போடாமல் வந்தால்தான் அவருக்குப் பிடிக்கும். எண்ணெய்ப் பசை உள்ள வெறும் தோலில்தான் விளக்கு மினுங்கும். நடிகை ஜோன் கிராஃபோர்டுக்கு முகம் நிறையச் செம்புள்ளிகள். டச்சிங்குக்கு முன், பின் என்று அவருடைய படம் ஒன்று உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்றுகூடச் சொல்ல மாட்டீர்கள். டச்சிங் செய்த ஜேம்ஸ் ஷார்ப் என்பவர் அந்த ஒரு நெகட்டிவோடு ஆறு மணி நேரம் உட்கார்ந்தார் என்பார்கள். நான் நம்புகிறேன்.

நெகட்டிவில் கறுப்பு, பிரிண்டில் வெள்ளை. அதனால் சுருக்கமோ புள்ளியோ நெகட்டிவில் வெளிறித் தெரியும். அந்த இடத்தைக் கூர்சீவிய பென்சிலால் மெல்ல நிரப்பினால் பிரிண்டில் மறைந்துவிடும். ஹரெலின் நெகட்டிவ் 8க்கு 10 அங்குலம், அதனால் பென்சிலுக்கு இடம் இருந்தது. சின்னஞ்சிறு 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் இதெல்லாம் நடக்காது. தொழில் பழகிய புதிதில் ஒரு கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் நான் அழுத்திவிட்டேன். பிரிண்டில் அம்மைத் தழும்பு மாதிரி வெள்ளை வெள்ளையாக வந்தது. முதலாளி திட்டவில்லை, அன்று முழுக்கப் பேசவும் இல்லை.

அவர் விளக்கு வைக்கிற ரகசியம் என்ன? (காரைக்குடி)

மைக்கைத் தொங்கவிடும் நீளக் கம்பு இருக்கிறதே, பூம், அதில் விளக்கைக் கட்டித் தலைக்கு மேலே கொண்டுவந்தார். ஸ்டாண்ட் குறுக்கே நிற்காது. தலைமுடி பளபளக்கும், இமையின் நிழல் கன்னத்தில் விழும். ஆனால் என்னைக் கேட்டால், அவர் கெட்டிக்காரத்தனம் விளக்கு வைத்ததில் இல்லை, வைக்காமல் விட்டதில். பாதி முகத்தைத் தைரியமாக இருட்டில் விட்டார். நம் ஊரில் அப்படிக் கொடுத்திருந்தால் பாதிக் காசுதான் வந்திருக்கும்.

ஏவிஎம் காரைக்குடியில் இருந்தப்ப இவர் வந்திருக்காரா? (கோட்டையூர்)

இல்லை. 1947இல் வந்த ‘நாம் இருவர்’ இங்கே தேவகோட்டை ரோட்டு ஸ்டூடியோவில் எடுத்ததுதான், அது நமக்குப் பெருமை. ஹரெலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எங்க வளவுல மாட்டியிருக்கிற ஐயா படத்தில் மட்டும் ஏன் முறைச்சுக்கிட்டே இருக்கார்? (பள்ளத்தூர்)

“அசையாதீங்க” என்று சொல்லியே எடுத்த படம் அது. மூச்சை அடக்கினால் முறைப்புதான் வரும். ஹரெல் கிராமபோனைப் போட்டுவிட்டு, ஷட்டர் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு குதிப்பார், கத்துவார், கதை சொல்வார். எதிரே இருப்பவர் தன்னை மறக்கும் நொடியில் அமுக்குவார்.

பரண் பெட்டியில் கண்ணாடி நெகட்டிவ் கிடைச்சது. ஒரு பக்கம் பென்சில் கீறலா இருக்கு, துடைச்சிடலாமா? (கானாடுகாத்தான்)

ஐயோ, வேண்டாம்! அதுதான் டச்சிங். மங்கலான பக்கத்தைத் தொடவே கூடாது. பளபளப்பான பக்கத்தை மட்டும் காய்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டலாம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், தனித்தனிக் காகித உறையில் நிமிர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஆகாது. முதல் வேலையாகப் பரணிலிருந்து இறக்குங்கள், அங்கே சூடு அதிகம்.

கடைசிக் காலம் எப்படி? (புதுவயல்)

1932இல் எம்ஜிஎம்மை விட்டு சன்செட் பொலிவார்டில் சொந்தக் கடை போட்டார். பிறகு வார்னர், கொலம்பியா என்று வேறு ஸ்டூடியோக்களில் இருந்தார். யுத்தத்துக்குப் பிறகு அந்தப் பாணி பழசாகிவிட்டது. 1965இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களை மாட்டிய பிறகு மறுபடி தேடினார்கள். 1992இல் இறந்தார்.

அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம். வீட்டிலேயே ஹரெல் மாதிரி ஒரு படம் எடுக்க முடியுமா? (காரைக்குடி)

தாராளமாக. முற்றத்துக்கு நடுவில் நிறுத்தாதீர்கள், உச்சி வெளிச்சத்தில் கண் குழிந்துவிடும். பத்தியில் தூண் ஓரமாக, முற்றத்தைப் பார்த்து உட்கார வையுங்கள். முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். நிழல் பக்கம் ரொம்ப இருட்டாகத் தெரிந்தால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடியுங்கள். ஹரெல் பிடித்திருக்க மாட்டார், ஆனால் இருட்டாக விட்டால் ஆத்தா திட்டுவார்கள். அப்புறம், அப்பச்சிக்குப் பிடித்த பாட்டை முதலிலேயே போட்டுவிடுங்கள்.